றோசியின் மூன்று தாய்மார்

நான் முன்பு வேலை செய்த நிறுவனத்தில், ஒரு பிள்ளைக்குப் பணம் அனுப்ப ஒரு வெளிநாட்டுப் பராமரிப்பாளர் என்ற முறையை இப்போது நிறுத்திவிட்டார்களாம். இனி ஊருக்குப் பொதுவாகக் கிணறு, ஊருக்குப் பொதுவாகப் பாலர் பாடசாலை. இந்தச் செய்தியோடு என்னைப் பார்க்க வந்த இளம் உத்தியோகத்தர்கள் இருவரும் தேநீர் குடித்து முடித்துவிட்டு, "அந்தக் காலத்தில நீங்கள் எப்பிடி மிஸ் ஒரு பிள்ளையைத் தெரிஞ்செடுத்து மற்றதை விட்டனீங்கள்? குழப்பமா இருக்கேல்லையோ?" என்று கேட்டார்கள். என்ன கேள்வி இது! அத்தனை வருடமும் எனக்கு அதைத் தவிர வேறு என்ன இருந்தது? சம்பளம் சில மாதம் பிந்தி வரும். குழப்பம் ஒருநாளும் பிந்தியதில்லை.

நான் வேலணைக்காரி. உயர்தரம் படித்து, பல்கலைக்கழகம் கிடைக்காமல் வீட்டில் இருந்த நேரத்தில் இந்த வேலை வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் சில கிழமைப் பயிற்சி. வறுமையை எப்படி அடையாளம் காண்பது என்று ஒரு வெள்ளைக்காரர் படம் போட்டுக் காட்டினார். அவர் காட்டிய வீடுகள் ஒன்றும் எங்கள் பக்கத்து வீடுகள் போல இல்லை. தீவுகளில் வறுமை அப்படி வாசலில் வந்து நின்று கையசைக்காது. அடுப்பு எரியாத வீட்டிலும் முற்றம் கூட்டியிருக்கும். "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டால், "ஓம், இப்பதான்" என்பார்கள். பிள்ளை மட்டும் எங்கள் பையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

எனக்குத் தந்த பகுதி ஊர்காவற்துறையும், அங்கிருந்து வள்ளத்தில் போகிற எழுவைதீவும். வேலை இதுதான். வீட்டைப் பார்க்க வேண்டும், நிலைமையை எழுத வேண்டும், பிள்ளை எழுதும் கடிதத்தை ஆங்கிலத்தில் மாற்ற வேண்டும், வருடத்திற்கு ஒருமுறை பிள்ளையைப் படம் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். கேட்க இலகுவாகத்தான் இருக்கிறது. அந்தப் படம் பிடிக்கிற ஒரு வேலையிலேயே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

படம் பிடிக்க வருகிறேன் என்றால் தாய்மார் விடமாட்டார்கள். முகம் முழுக்கப் பவுடர், நெற்றியில் பெரிய பொட்டு, யாரிடமோ இரவல் வாங்கிய சங்கிலி. எழுவைதீவில் ஒரு மஞ்சள் சட்டை இருந்தது. யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. நான் வள்ளத்தால் இறங்கியதும் அந்தச் சட்டை வீடு வீடாக எனக்கு முன்னால் ஓடும். பெரிய பிள்ளைக்கு முதுகில் திறந்திருக்கும், சின்னப் பிள்ளைக்கு நிலத்தில் இழுபடும். அது பள்ளிக்கூடச் சீருடையா என்று வெளிநாட்டு அலுவலகத்தில் இருந்து கேட்டு எழுதினார்கள்.

"என்ன சேர் பதில் எழுத?" என்று என் மேலதிகாரியிடம் கேட்டேன்.

"ஓமெண்டு எழுதும்," என்றார். பிறகு, "இல்லை, எழுதாதேயும். யோசிச்சுச் சொல்லுறன்," என்றார். கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

கனகசபை சேர் ஓய்வுபெற்ற தபாலதிபர். யாழ்ப்பாணத்தில் ஒரு வாடகை வீட்டின் முன் அறைதான் எங்கள் அலுவலகம். அறிக்கைகளை அவர் இருந்து வாசிக்கமாட்டார். எழுந்து, யன்னலடியில் நின்று, தந்தி வாசிக்கிறவர் போல ஒவ்வொரு சொல்லாக உரத்து வாசிப்பார். நான் 'மிகவும் வறிய குடும்பம்' என்று எழுதியிருந்தால் அந்த இடத்தில் நிற்பார். "மிகவும் எண்டால்? நேற்று அந்த வீட்டில என்ன சமைச்சவை?" தெரியாது என்றால் அறிக்கை திரும்பி வரும். படங்களையும் அப்படித்தான் பார்ப்பார். "இந்தப் பிள்ளை சிரிக்குது. சிரிக்கிற பிள்ளைக்கு என்னத்துக்கு உதவியெண்டு கேப்பினம்." அடுத்த படத்தை எடுப்பார். "இது அழுகுது. நாங்கள் வெருட்டிப் பிடிச்ச படமெண்டு நினைப்பினம்." சிரிக்கவும் கூடாது, அழவும் கூடாது. அப்படி ஒரு முகம் வைத்திருக்கும் பிள்ளையை நான் எங்கே போய்த் தேடுவது? ஆனால் அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. எதைச் சொன்னாலும் முதலில் "அப்பிடியோ?" என்பார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யன்னலால் வெளியே பார்ப்பார். அந்த நேரத்தில் நான் சொன்னதெல்லாம் எனக்கே சந்தேகமாகிவிடும்.

இனி றோசியின் கதைக்கு வருகிறேன். தேநீர் குடிக்க வந்த இந்தப் பிள்ளைகள் கேட்டதற்கு என்னிடம் இருக்கிற ஒரே பதில் அதுதான், அதுவும் பதில்தானா என்று எனக்குத் தெரியாது.

ஊர் அலுவல் பார்க்கிற எழுவைதீவு விதானையார் ஒருநாள், "பாக்கியத்தின்ர வீட்டையும் ஒருக்காப் பாருங்கோ. புருசன் கடலில போயிட்டான். ஒரு பெண்பிள்ளை," என்றார். போனேன். ஓலை வீடு. ஒரு மெலிந்த பெண் பாய் இழைத்துக்கொண்டே, பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு இடைக்கிடை கையைக் கழுவிப் புட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு ஐந்து வயது இருக்கும். நெற்றி நிறையத் திருநீறு.

"பிள்ளைக்கு என்ன பேர்?" என்றேன்.

"றோசி."

திருநீறு பூசிய றோசி. அங்கேயே எனக்குக் கொஞ்சம் இடித்தது. "உங்கட மகளோ?"

"இல்லை மிஸ். மேரியக்காவின்ர பிள்ளை." இழைத்த பாயில் இருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

வேலியில் ஆள் நுழைகிற ஒரு பொட்டு இருந்தது. அதற்குள்ளால் குனிந்து அடுத்த வளவுக்குப் போனேன். மேரியக்கா முற்றத்தில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வாட்டசாட்டமான மனுசி, கழுத்தில் செபமாலை. அவருடைய கடைசி மகன் ஏற்கனவே எங்கள் பதிவில் இருந்ததால் என்னைத் தெரியும்.

"றோசி உங்கட பிள்ளையோ அக்கா?"

"ஓம், என்ர பிள்ளைதான்."

"அப்ப ஏன் அங்க சாப்பிடுது?"

"அங்கதானே அது சாப்பிடும். அங்கதான் படுக்கிறதும்."

"பெத்தது ஆர்?"

"பெத்தது அவள்."

"அப்ப ஆரின்ர பிள்ளை?"

"இப்பதானே சொன்னனான், என்ர," என்று சொல்லிவிட்டு, இந்தப் பெட்டைக்குக் காது கேளாதோ என்பதுபோல என்னைப் பார்த்தார்.

நான் அங்கே கிடந்த மரக்குற்றியில் இருந்துவிட்டேன். மேரியக்கா குரலைத் தாழ்த்திக் காரியத்தைச் சொன்னார். பாக்கியத்திற்கு முன்னம் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. பல் முளைக்க முன்னமே எல்லாம் போய்விட்டன. அதனால் இதைப் பெற்ற அன்றே, தொப்புள்கொடி அறுத்த கையோடு, மருத்துவிச்சி பிள்ளையை அந்தப் பொட்டால் நீட்ட, மேரியக்கா ஒரு சுளகு தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். பேரும் அவரே வைத்தார். பிறகு பால் குடிக்க வேண்டுமே என்று வாங்கின பிள்ளையைத் திரும்பவும் அங்கே வளர்க்கக் கொடுத்தார். அன்றிலிருந்து றோசி மேரியக்காவை அம்மா என்றும், பெற்றவளை மாமி என்றும் கூப்பிடுகிறாள். பாக்கியத்தின் வீட்டில் பிள்ளை இல்லை. இல்லாத வீட்டுக்கு யமன் வந்து என்ன செய்வான்?

தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று சின்ன வயதில் என்னையும் பகிடி பண்ணியிருக்கிறார்கள். ஆனால் அதை இப்படி மூச்சுவிடாமல் காத்துக்கொண்டிருக்கிற ஒருத்தியை நான் அன்றுதான் கண்டேன். வாய் தவறியும் 'என்ர பிள்ளை' என்று சொல்லமாட்டாள். ஆசையாகக் கொஞ்சினால்கூட, "மேரியக்காவின்ர குஞ்சு" என்றுதான் கொஞ்சுவாள்.

அலுவலகத்தில் சொன்னேன். "அப்பிடியோ?" என்றார் சேர். யன்னலால் பார்த்தார். "மேரியைத் தாயெண்டு போட்டால், அவவின்ர மகன் ஏற்கனவே பதிவில. ஒரு வீட்டில ஒரு பிள்ளைதான். பாக்கியத்தைப் போட்டால், அவ தான் இல்லையெண்டுறா." மேசையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "பாதுகாவலர் மேரி, வசிப்பது பாக்கியம் வீட்டில எண்டு போடும்." போட்டேன். பாக்கியம் என்பவர் அந்த வீட்டுப் பணிப்பெண்ணா என்று வெளிநாட்டில் இருந்து கேட்டு எழுதினார்கள். சேர் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

றோசிக்கு ஒல்லாந்தில் ஒரு பராமரிப்பாளர் கிடைத்தார். பிள்ளைகள் இல்லாத ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. முதற் கடிதத்திலேயே 'என் மகளே' என்று எழுதியிருந்தார். அதை நான் வாசித்துத் தமிழில் சொன்னபோது பாக்கியம் பாயைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவவும் தாயெண்டு சொல்லுறாவோ?"

"ஓம்."

"ஒல்லாந்து எண்டால் எவ்வளவு தூரம்?"

"சரியான தூரம். பிளேனிலதான் போகலாம்."

"நல்லது மிஸ்," என்று முகம் மலரச் சிரித்தாள். "இனி அவன் அங்கயும் போய்த் தேடவேணும்."

'அவன்' யார் என்று நான் கேட்கவில்லை. உதவிப் பொருட்களைப் பற்றி அவள் அவ்வளவு சந்தோசப்பட்டு நான் பார்த்ததில்லை. பால்மாவையும் கொப்பிகளையும் ஒரு மூலையில் வைப்பாள். கடிதம் வந்தால் மட்டும், "என்னவாம், இன்னும் மகளெண்டுதான் எழுதுறாவோ?" என்று கேட்பாள். பிள்ளையைப் படம் பிடிக்கும்போது எனக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். பிள்ளையின் கண்ணில் வெயில் விழுந்தால், தான் படத்தில் விழாமல் பாயை நீட்டி நிழல் பிடிப்பாள். ஒரு படத்தில் பாயோடு அவளுடைய கையும் வந்துவிட்டது. அந்தக் கையை வெட்டித்தான் அனுப்ப வேண்டும் என்று வள்ளத்துறை வரை என் பின்னாலேயே வந்தாள். வெட்டித்தான் அனுப்பினோம்.

இப்படி இரண்டொரு வருடம் போனது. ஒருமுறை எங்கள் நிறுவனம் பிள்ளைகளைப் பரிசோதிக்க ஊர்காவற்துறையில் ஒரு வைத்தியரை ஒழுங்குசெய்தபோது, அவர் றோசியின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். வயிற்றில் ஒரு கட்டி, உடனே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார். சண்டை நடந்த அந்த நாட்களில் 'உடனே' என்பது எங்கள் கையில் இருக்கவில்லை. வள்ளம் ஓடினால் பஸ் ஓடாது, பஸ் ஓடினால் பண்ணைப் பாலத்தால் ஆமிக்காரர் விடமாட்டார்கள். ஒருவாறு கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மேரியக்கா தாயாக வந்தார். பாக்கியம் பக்கத்து வீட்டுக்காரியாக, பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

சத்திரசிகிச்சை வைத்தியர் நல்ல மனிதர். "பெரிய வெட்டு. தாயைக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கோ, நாளைக்கே செய்யிறன்," என்றார். மேரியக்கா பேனையை வாங்கினார். வைத்தியர் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார். அதில் பிள்ளையின் பெயர் சிவறஞ்சினி, தாயின் பெயர் பாக்கியம். "இது நீங்களோ?" என்றார். மேரியக்காவுக்குப் பொய் சொல்ல வராது. "வாங்கினது நான், பெத்தது அவள்," என்று பாக்கியத்தைக் காட்டினார். பாக்கியம் பையையும் வைத்துவிட்டு வெளியே ஓடிவிட்டாள்.

மாமரத்தின் கீழ் அவளைப் பிடித்தேன்.

"ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

"ஏலாது மிஸ்."

"நீங்கள்தானே பெத்தனீங்கள்!"

"சத்தம் போடாதேங்கோ," என்றாள். "இவ்வளவு காலமும் ஒளிச்சு வைச்சிட்டு, கத்தி வைக்கிற நேரம் பார்த்து நான்தான் தாயெண்டு எழுதிக் குடுக்கச் சொல்லுறியளோ?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பிள்ளை சாகக் கிடக்குது, நீங்கள் இன்னும் தவிட்டைப் பிடிச்சுக்கொண்டு..." என்று தொடங்கினேன். 'சாக' என்ற சொல் வந்ததும் அவள் பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். அந்தக் கையில் ஓலை கிழித்த காய்ப்புகள்.

மேரியக்காவும் வந்தார். "எடியே பாக்கியம், நான் பிள்ளையைத் திருப்பித் தாறன். தவிட்டைத் தா, பிள்ளையைக் கொண்டுபோ, கையெழுத்தை வை," என்றார். அதைக் கேட்டதும் பாக்கியம் இன்னும் கலங்கிப்போனாள். "இப்பவோ மேரியக்கா? இப்பவோ தாறியள்?" என்று அவரின் காலைப் பிடித்துக்கொண்டாள். எங்களைச் சுற்றிச் சனம் கூடிவிட்டது. யார் பிள்ளையை யாரிடமிருந்து பறிக்கிறார்கள் என்று அவர்களுக்கும் விளங்கவில்லை.

நான் அலுவலகத்துக்கு ஓடினேன். சேர் கேட்டுவிட்டு, "அப்பிடியோ?" என்றார். இந்த முறை யன்னலைப் பார்க்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். வந்து, மாமரத்தடி வேரில் பாக்கியத்திற்குப் பக்கத்தில், வெள்ளை வேட்டியோடு குந்தி இருந்தார். அவர் ஒருவரோடு இருந்து கதைத்ததை நான் அன்றுதான் கண்டேன்.

"தங்கச்சி, தாயெண்டு கையெழுத்து வைக்க ஏலாது. சரி. அப்ப என்னெண்டு எழுதினால் வைப்பீர்?"

"குடுத்திட்டன் எண்டு எழுதினால் வைப்பன் ஐயா. மேரியக்காவுக்கே குடுத்திட்டன் எண்டு. இனி எனக்கு ஒரு உரித்தும் இல்லையெண்டு."

சேர் அங்கேயே எழுதினார். பிள்ளையை மேரியின் முழுப் பொறுப்பில் ஒப்படைப்பதாக. அவர் வாசித்துக்கொண்டு வரும்போது 'இப்பிள்ளையின் தாயாகிய நான்' என்ற இடத்தில் பாக்கியம் கையைக் காட்டி மறித்தாள். சேர் அதை வெட்டிவிட்டு, 'இப்பிள்ளையை மேரிக்குக் கொடுத்தவளாகிய நான்' என்று மாற்றினார். முத்திரை குத்தி உறுதிப்படுத்தக் கொண்டுபோனபோது, இப்படி ஒரு வசனத்தைத் தன் ஆயுளில் கண்டதில்லை என்று சமாதான நீதவான் சொன்னார். என்றாலும் ஒப்பம் வைத்தார். வைத்தியரும் அதை ஏற்றுக்கொண்டார். பாக்கியம் எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதியபோது அவள் முகத்தில் இருந்தது நிம்மதி. ஒரு சுளகு தவிட்டை விட அரசாங்க முத்திரை பலமானது என்று நினைத்திருப்பாள்.

திரும்பி நடக்கும்போது எனக்கு அழுகை வந்தது. எங்கள் பயிற்சியில் முதல் விதியே பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பதுதான். "சேர், நாங்கள் செய்யிறது சரியோ?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது பிள்ளை," என்றார். "நாளைக்கு வெட்டுவினம். அது மட்டும்தான் தெரியும்."

அடுத்த நாள் காலையில் றோசியை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் மூவரும் வெளியே ஒரு நீள மர வாங்கில் இருந்தோம். கோட்டைப் பக்கமிருந்து இடைக்கிடை வெடிச்சத்தம் கேட்டது. அது கேட்கும்போதெல்லாம், உள்ளே வைத்தியரின் கை ஆடிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. மேரியக்கா கண்ணை மூடிச் செபமாலை உருட்டினார். பாக்கியம் கண்ணை மூடவில்லை, கும்பிடவும் இல்லை. மற்றவருடைய பிள்ளைக்கு ஒருத்தி எவ்வளவு கவலைப்படலாமோ அவ்வளவுதான் கவலைப்பட வேண்டும் என்று தன்னைப் பிடித்துவைத்திருந்தாள். விரல்கள் மட்டும் சேலைத் தலைப்பை மடித்து மடித்து இழைத்துக்கொண்டே இருந்தன.

அதற்குப் பிறகு நடந்தது கனக்க. றோசி பிழைத்தாள், வளர்ந்தாள். சண்டை தீவுகளுக்கு வந்தபோது மேரியக்கா தன் பிள்ளைகளோடு அவளையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குப் போனார். சேர் எழுதிய கடிதத்தின்படி அவள் அவருடைய பிள்ளைதானே. பாக்கியம் போகவில்லை. அந்த ஒல்லாந்து ஆசிரியை அனுப்பிய உதவி றோசியைக் காப்பாற்றியதா, வைத்தியர் காப்பாற்றினாரா, தவிடுதான் காப்பாற்றியதா? மூன்று தாய்மாரில் யாருக்கு அந்தப் பிள்ளை கிடைத்தது? இதை நினைக்க நினைக்க எனக்கு இன்னும் தலை சுற்றும். தேநீர் குடிக்க வந்த பிள்ளைகளுக்கு நான் என்னத்தைச் சொல்ல? அந்த வாங்கில் நடந்ததைத்தான் சொன்னேன்.

வெயில் ஏறிய நேரம் கதவு திறந்தது. தாதி ஒருத்தி தலையை நீட்டி, "சிவறஞ்சினியின்ர தாய் ஆர்?" என்றாள்.

றோசி என்றே கூப்பிட்டுப் பழகிய மேரியக்காவுக்கு அது தன்னைக் கூப்பிடுவதாகப் படவில்லை. கண்ணை மூடியபடியே செபித்துக்கொண்டிருந்தார். பாக்கியம் எழும்பிவிட்டாள். அந்தப் பெயர் புருசனும் அவளுமாக யோசித்து வைத்தது. வைத்த பிறகு ஒருநாளும் வாயால் கூப்பிடாதது. எழும்பிக் கதவை நோக்கி இரண்டு அடி வைத்தும் விட்டாள்.

"கட்டியை எடுத்தாச்சு. பிள்ளை முழிச்சு அழுகுது. தாய் மட்டும் உள்ளுக்கு வாங்கோ," என்றாள் தாதி.

பாக்கியம் அப்படியே நின்றாள். தான் நிற்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது போலிருந்தது. ஓடிவந்து மேரியக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மேரியக்கா, எழும்புங்கோ. உங்கட பிள்ளை அழுகுதாம். போங்கோ."

மேரியக்கா உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. உள்ளே பிள்ளை "அம்மா" என்று அழுவது கேட்டது. பாக்கியம் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"மிஸ், நான் எழும்பினனானோ?"

"இல்லை," என்றேன்.

"தாயெண்டு கூப்பிடேக்க நான் எழும்பேல்லையோ?"

"இல்லை. மேரியக்காதான் எழும்பினவ. நீங்கள் இதிலதான் இருந்தனீங்கள்."

"நீங்கள் வடிவாக் கண்டனீங்களோ?"

"கண்ணால கண்டனான்."

அவள் கூரையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். "அப்ப அவனும் அதைத்தான் கண்டிருப்பான்," என்றாள். பிறகு சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் அழத் தொடங்கினாள்.